மற்றவர் மகள்மாருக்குக் கட்டிய வீடுகள்

மகன்,

வாசலில் டிராக்டர் கொட்டிவிட்டுப் போன மணலை உன் தங்கச்சிதான் முதலில் கவனித்தாள். நான் வெளியே வந்தபோது அவள் குந்தியிருந்து ஒரு பிடி அள்ளி, விரல்களுக்கிடையால் ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உம்மா, இது கல்லுக் கட்டுற மணல் இல்ல. அரிச்ச மணல்," என்றாள். அரித்த மணல் வந்தால் சுவர் பூசப் போகிறார்கள். சுவர் பூசினால் கலியாணத் திகதி வைத்தாயிற்று. திகதி வைத்தால் நாம் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் வந்து தயங்கித் தயங்கிச் சொல்லுமுன்பே நமக்கு இதெல்லாம் விளங்கிவிடுகிறது. இத்தனை வருடத்தில் மணலைப் பார்த்தே நாள் கணக்குப் பார்க்கப் பழகிவிட்டோம்.

இந்தக் கடிதத்தைச் சொல்வது நான், எழுதுவது அவள். எனக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு கொப்பியின் கோடு தெரிவதில்லை. என் எழுத்து கோழி கிளறியதுபோலப் போகிறது. நான் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ எப்போதும் வேலைக்கும் நித்திரைக்கும் இடையில் இருக்கிறாய். இங்கே, இந்த வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை. மேசன்மார் உள்ளும் புறமும் நடக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் இருந்து சத்தம்போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

போன கிழமை நீ போனில் சொன்னாய், "உம்மா, எனக்கும் ஒரு இடத்தப் பாருங்க. வீட்டோட வாற பொண்ணாப் பாருங்க. மேட்டு நிலமா இரிக்கணும், மாரிக்குத் தண்ணி ஏறுற வளவு வேணாம்." நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஊரில் எல்லா ஆம்பிளைப் பிள்ளைகளும் கேட்பதைத்தான் நீயும் கேட்டாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கச்சி எழும்பி வெளியே போய்விட்டாள். "அவள் ஏன் என்னோட கதைக்கிறாள் இல்ல?" என்று நீ கேட்டாய். காக்காவோடு கதைக்க வெட்கம் என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யை எடுத்துவிட வேண்டுமென்றால் அதற்கு முந்திய பொய்யையும் சொல்ல வேண்டும்.

கடல் வந்த காலையில் உனக்கு ஐந்து வயது. வாப்பாவின் கழுத்தில் இருந்து நீ பார்த்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நான் கேட்டதில்லை. வீடு போனது ஒரு நாளில். வீடு இல்லாமல் இருக்கப் பழகியதுதான் இருபது வருடம். நம் வளவு கடலுக்கு மிகக் கிட்ட என்றார்கள், அங்கே இனி யாரும் கட்டக்கூடாது என்றார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பிறகு கூடாரம். பிறகு தகரக் கொட்டில். அங்கேதான் தங்கச்சி பிறந்தாள். வீடு கொடுக்கிற பட்டியலில் நம் பெயர் இருந்தது, அடுத்த பட்டியலில் இருக்கவில்லை. ஏன் என்று கேட்கப் போய் வாப்பாவின் செருப்புத் தேய்ந்தது. நீ நாலாம் வகுப்பில் 'எனது வீடு' என்று கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்று வந்து நின்றாய். "எதைப் பத்தி எழுதுற வாப்பா?" என்று கேட்டாய். "எல்லாத்தப் பத்தியும் எழுது மனெ, மத்தப் புள்ளையளுக்கு ஒண்டுதான் இரிக்கும்," என்று வாப்பா சொன்னார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் அடுப்புப் பக்கமாகப் போய் நின்றேன்.

தகரக் கொட்டிலையும் கழற்றிய பிறகு வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பெண்பிள்ளை பிறந்ததுமே அவளுக்கு வீடு கட்ட அத்திவாரம் போடுகிற ஊர் நம்முடையது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வாழ வருவான். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். அதனால் கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில், மருதமுனையில், எந்தத் தெருவில் பார்த்தாலும் கல் எழும்பி, கூரையும் ஏறி, பூச்சு இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கிற வீடுகள் இருக்கும். கம்பியும் சீமெந்தும் ஜன்னல் மரமும் களவு போகாமல் பார்க்க அங்கே ஒரு குடும்பம் வேண்டும். வாப்பா போய்க் கேட்டார். அப்படித்தான் நாம் மற்றவர் மகள்மாருக்குக் கட்டிய வீடுகளில் இருக்கத் தொடங்கினோம். அந்தந்த மகளுக்குக் கலியாணம் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மகளின் வீட்டுக்குப் போவோம். இது ஏழாவது வீடு.

தங்கச்சி எப்போது சுவரில் படம் கீறத் தொடங்கினாள் என்று உனக்குத் தெரியும். நீ கட்டாருக்குப் போகுமுன் இரண்டாவது வீட்டில் பார்த்திருக்கிறாய். முதலில் பூனை கீறினாள். உயிருள்ளதைக் கீறினால் வீட்டுக்கு வானத்து மலக்குகள் இறங்கி வரமாட்டார்கள் என்று நான் ஏசினேன். அடுத்த நாள் பூனை இல்லை. அந்த இடத்தில் ஒரு அலுமாரி இருந்தது. அடுப்புக்கரியாலும் வெண்கட்டித் துண்டுகளாலும், செங்கல் சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு அலுமாரி. அதற்குப் பிறகு நம்மிடம் இல்லாததெல்லாம் சுவரில் வந்தது. திரைச்சீலை போட்ட ஜன்னல். பீங்கான் கோப்பைகள் அடுக்கிய தட்டு. மணிக்கூடு. ஒரு நாள் சுவரில் கிடந்த ஆணியில் என் தொழுகை உடுப்பை மாட்டினேன். அது நிலத்தில் விழுந்தது. ஆணியும் அவள் கீறியதுதான். வாப்பா இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, "என்னகா, என்ட சாரன மடிச்சி உள்ளுக்கு வெச்சிப் பூட்டிட்டியா? சாவி எங்க?" என்று கேட்டார். அவள் கரியை எடுத்து அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு சாவி கீறினாள்.

நீ கட்டாரிலிருந்து அனுப்பிய வர்ணப் பென்சில் பெட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. "கடதாசியில கீறு புள்ள, வெச்சிக்கொள்ளலாம்" என்று நானும் சொன்னேன். கடதாசியை வைக்க இடம் வேண்டுமே, வீடு மாறும்போது நனையுமே என்றாள். சுவரை யாரும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. "பூசப் போற சுவருல என்னத்துக்குக் கீறுற?" என்று கேட்டேன். "பூசினாலும் உள்ளுக்குக் கிடக்கும்தானே," என்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் நான் வேறு எதையாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து வீடு மாறும்போது எனக்குப் பழைய வலி இல்லை, மகன். நாம் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வரவில்லை. எதையோ அங்கே விட்டுவிட்டு வருகிறோம் என்று இருந்தது. அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதச் சொல்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள்.

இனி வருவதை அவள் எழுத மாட்டேன் என்கிறாள். "இது வேணாம் உம்மா."

"எழுது."

"காக்கா உங்களப் பத்தி என்ன நினைப்பாரு?"

"அதத்தான் எழுதச் சொல்றன். எழுதுகா."

வாப்பா மௌத்தானது ஐந்தாவது வீட்டில் என்று உனக்குத் தெரியும். உன்னால் வர முடியவில்லை. அந்த வீடு ஒரு ஹாஜியாரின் மூத்த மகள் நிஸ்மியாவுக்குக் கட்டியது. நல்ல மனிதர்கள். வாப்பாவின் ஜனாஸாவை அவர்களின் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போக ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. "இத்தா முடியுமட்டும் இஞ்சயே இரிங்க, எங்கயும் போக வேணாம்," என்று நிஸ்மியாவின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். புருஷன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது, ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அறைக்குக் கதவில்லை, ஒரு சீலையைக் கட்டி, அதற்குப் பின்னால் இருந்தேன்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் அஸறுத் தொழுகைக்குப் பிறகு மூன்று பெண்கள் வந்தார்கள். நிஸ்மியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா, மாமி, கூடப்பிறந்த தாத்தா. வீடு பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் யாரும் கூட வரவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கத்தான் அப்படி வருவார்கள். அறை அறையாக நடந்தார்கள். தங்கச்சி கீறிய ஜன்னலைப் பார்த்து ஒருத்தி சிரித்ததும் கேட்டது. "வீடு நல்லம்தான். அடுத்த மாசமே வைப்பம்," என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னார். அடுத்த மாதம் என்றால் என் இத்தா முடியாது. வெள்ளைச் சீலையோடு, முகத்தை மூடிக்கொண்டு, பதினாலு வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எந்தத் தெருவில் போய் நிற்பேன்? ஹாஜியார் வீட்டார் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வேறு இடம் பார்த்துத் தந்திருப்பார்கள், அல்லது கலியாணத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள். இப்போது அது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காதுக்குள் டிராக்டர் சத்தம்தான் கேட்டது.

மாப்பிள்ளையின் உம்மா சீலைக்கு வெளியே நின்று கேட்டார், "இத்தாவுல இரிக்கிற புள்ள, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. மாரியில இஞ்ச எப்பிடி? தண்ணி கிண்ணி வருமா?"

"ஓம்," என்றேன். "படி தாண்டி உள்ளுக்கு வரும்."

அவ்வளவுதான், மகன். ஐந்து சொல். அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பேச்சு நின்றுபோனது. நாம் அந்த வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருந்தோம். பிறகு கலியாணம் வராமலே, நானாகவே வேறு வீடு கேட்டுக் கிளம்பினேன்.

நான் சீலைக்குப் பின்னால் தனியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். தங்கச்சி குசினியில் நின்றிருக்கிறாள். அன்று பொழுதுபடுமுன் சுவரில் தும்பு தேய்க்கிற சத்தம் கேட்டது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக்கொண்டு வந்து ஊற்றி, தேங்காய்த்தும்பால் தேய்க்கிறாள். "என்னகா செய்யிற?" என்று கேட்டேன். தேய்ப்பது நிற்கவில்லை. எழும்பி வெளியே போய்ப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. காலையில் சீலையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல் இல்லை, தட்டு இல்லை, வாப்பாவுக்காகக் கீறிய சாய்மனைக் கதிரையும் இல்லை. செங்கல் மட்டும் ஈரத்தில் கறுத்துப்போய் இருந்தது.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தை விட்டாள். தூரம், பஸ் இல்லை, வெட்கப்படுகிறாள் என்று உனக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், நிஸ்மியாவின் தங்கச்சி ஸீனத் வகுப்பில் இவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தாள். இடைவேளைக்குத் தன் ரொட்டியில் பாதியை இவளுக்குக் கொடுக்கிறவள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க இவளால் முடியவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. பதினாலு வயதில் என் பாவத்தை இவள் சுமந்தாள். நான் ஐந்து நேரமும் தொழுதேன், தௌபா செய்து பாவமன்னிப்புக் கேட்டேன், ஒவ்வொரு நோன்பிலும் அழுதேன். மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதரிடம்தான் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் போகவில்லை. ஆறாவது வீட்டில் தங்கச்சி ஒரு கோடும் கீறவில்லை. இந்த வீட்டிலும் இல்லை. மூன்று வருடம்.

நீ போனில் தண்ணி ஏறாத வீடு கேட்டாயே, அன்று வெளியே போனவள் திரும்பி வந்து, "நிஸ்மியா தாத்தாட்டப் போவம் உம்மா. நானும் வாறன்," என்றாள். மூன்று வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தரம்.

நேற்றுப் போனோம். நிஸ்மியா தன் வாப்பாவின் வீட்டு முன் அறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கலியாணம் ஆகவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தாள். "வாங்க மாமி, இரிங்க. நீயும் இரிகா. ஸீனத் இப்ப அட்டாளைச்சேனையில சின்னம்மாட வீட்ட நிண்டு படிக்கிறாள். உன்னத் தேடித் தேடி அலுத்துப் போனாள், தெரியுமா? செருப்ப ஏன் கையில வெச்சிருக்க, இஞ்ச யாரும் எடுக்க மாட்டாங்க." அவள் பகிடியாகத்தான் சொன்னாள். தங்கச்சி செருப்பைக் கீழே வைக்கவில்லை. நான் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். சீலைக்குப் பின்னால் இருந்து சொன்னதை, முகத்துக்கு நேரே சொன்னேன்.

நிஸ்மியா முதலில் சிரித்தாள். "தண்ணியா? அந்த வீட்டுலயா? எங்க வாப்பா அந்த வளவுக்கு எத்தின லோட் மண் போட்டாரு மாமி!" பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "அவங்க ஏன் வேணாமெண்டாங்க எண்டு ஒண்டும் சொல்லல்ல," என்றாள். "நான் என்ன நினைச்சன் தெரியுமா? அதுக்கு முந்தின கிழமதான் என்ன வந்து பாத்துட்டுப் போனவங்க. என்னப் பாத்துத்தான் வேணாமெண்டாங்க எண்டு நினைச்சன். கண்ணாடியில பாத்துப் பாத்து எங்க குற எண்டு தேடின நான். மூணு வருஷம் மாமி. மறுகா ரெண்டு பேர் பாக்க வந்தாங்க, நான் முன்னுக்குப் போகவே இல்ல."

நான் வீட்டைப் பற்றித்தான் பொய் சொன்னேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவளுடைய முகத்தைப் பற்றிச் சொன்னதாக அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நான் செஞ்ச குற்றத்தப் பொருந்திக்கொள்ளுங்க மகள்," என்றேன்.

அவள் கையில் இருந்த பிரம்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். "இண்டைக்கு ஏலா மாமி," என்றாள். "வேற ஒரு நாளைக்கு வந்து கேளுங்க." அப்படிச் சொல்லிவிட்டும் உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். தங்கச்சி அழுதாள். "நீ என்னத்துக்கு அழுற? நீயா சொன்ன?" என்று அவளைத்தான் நிஸ்மியா தேற்றினாள். நான் திரும்பவும் போவேன். ஏலாது என்று எத்தனை தரம் சொன்னாலும் போவேன். வரும் வழியில் கடற்கரை வீதியில் வைத்துத் தங்கச்சி சொன்னாள், "காக்காவுக்கும் சொல்லணும் உம்மா." அதுதான் இந்தக் கடிதம்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், மகன். வீடு கேட்காதே. பெண்ணின் வாப்பாவிடமும் கேட்காதே, தரகரிடம் சொல்லியும் கேட்பிக்காதே. நீ கேட்கிற அந்த வீட்டில் இப்போது யாரோ ஒரு உம்மா சீலையைக் கட்டிக்கொண்டு, மணல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு கட்டி முடியுமட்டும் எங்கேயோ ஒரு பெண்பிள்ளை கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பாள். வீடில்லாமல் வளர்ந்த நீயே அதைக் கேட்டால், கேட்காமல் இருக்க ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? வாடகை அறையில் இருந்து வாழு. நமக்கு அது புதிதில்லை. தங்கச்சிக்கு வீடு கட்டத்தான் போனேன் என்று நீ சொல்வாய். அதை நான் மறக்கவில்லை. வாங்க நினைத்த காணி எத்தனை தரம் கைவிட்டுப் போனது என்றும் தெரியும். கட்ட முடிந்தால் கட்டு. முடியாவிட்டால் அதற்காக உன்னையே தின்னாதே. அவள் வீட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளை இல்லை. அதை நான் அவள் கீறுவதை நிறுத்திய பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

என்மேல் உனக்கு வருகிற கோபத்தை எழுதி அனுப்பு. போனில் அடக்கிக்கொண்டு கதைக்காதே. அடக்கிய கதைகளால்தான் நாம் இருந்த வீடுகளில் மூன்று வருடம் சுவர் வெறுமையாகக் கிடந்தது.

மகன், இனி வருவது என் கையெழுத்து. கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. மேலே உள்ள கடைசி வரியை எழுதி முடித்ததும் தங்கச்சி பேனையை என் மடியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டாள். "எங்க போற?" என்றேன். முன் அறையில் மேசன் சாந்து குழைத்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெளியாளிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காத பிள்ளை, நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேசன் மாமா, இந்த அறய இண்டைக்குப் பூச வேணாம். நாளைக்குப் பூசுங்க."

"சாந்து குழைச்சாச்சே புள்ள. ஏன்?"

"நான் கீறணும்," என்றாள்.